மேட்டடாரின் கூரையும் பனியன் கழிவும்

கொமரலிங்கத்தில் ஒரு தென்னந்தோப்பின் ஓரமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்ற மேட்டடார் வேன் ஒன்றை எங்கள் வாசகர் வட்டம் விலைக்கு வாங்கியிருக்கிறது. அதைச் செப்பனிட்டு நடமாடும் நூலகமாக்கி மடத்துக்குளம், கல்லாபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியூர் இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிற நாள்களில் இருவர் அதிலேயே இரவு தங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஆசை இவ்வளவே. செய்தி அறிந்த நண்பர்கள் புத்தகம் தருவதற்கு முன்பாக யோசனை தந்தார்கள். அந்த யோசனைகளில் ஒன்றை மறுப்பதற்காகவே இதை எழுத நேர்ந்தது.

வண்டியின் கூரைக்கும் பக்கத் தகடுகளுக்கும் வெப்பக் காப்பாக, கடைத்தெரு மொழியில் இன்சுலேஷனாக, எதை வைப்பது என்று நாங்கள் கேட்டோம். வந்த மறுமொழிகளில் பெரும்பாலானவை ஒரே குரலில் பேசின. திருப்பூரில் மலைபோல் குவிகிற பனியன் கழிவை வாங்கி அடைத்துவிடுங்கள். மலிவு, உள்ளூர்ப் பொருள், பருத்தி, இயற்கைக்கு உகந்தது. அமெரிக்காவில் பழைய ஜீன்ஸ் துணியை நாராக்கிச் சுவருக்குள் வைக்கிறார்களே, நாம் ஏன் செய்யக் கூடாது? ஒரு நண்பர், நெசவின் நினைவைச் சுவருக்குள் பொதிந்துவைப்பதாக அது அமையும் என்றுகூட எழுதியிருந்தார். வாக்கியம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிக்குள் உட்காரப் போகிறவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்.

கழிவு என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். பனியன் கம்பெனியின் வெட்டு மேசையிலிருந்து விழுகிற துண்டுகளைக் கழிவு என்று நினைப்பவர்கள் கவிஞர்கள் மட்டுமே. வியாபாரிகளுக்கு அது சரக்கு. வெள்ளை தனி, நிறம் தனி, கலப்பு தனி என்று பிரித்து, கிலோ விலையில் போகிறது. நல்ல பருத்தித் துண்டுகள் மறுபடி நாராக அடிக்கப்பட்டு ஓப்பன் எண்ட் நூற்பாலைகளுக்குச் சென்று நூலாகத் திரும்புகின்றன. மட்டமானவை பட்டறைகளில் கிரீஸ் துடைக்கும் துணியாகின்றன. நல்ல சரக்குக்கு நூற்பாலை போட்டிக்கு நிற்கையில், நமக்கு மலிவாகக் கிடைப்பது எது? பாலியெஸ்டரும் ஸ்பான்டெக்ஸும் கலந்து, எந்தச் சாயம் என்று தெரியாத, மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று விற்பவரே அறியாத மிச்சம். அதைத்தான் பருத்தி, இயற்கை என்று சொல்லிப் பிள்ளைகளின் தலைக்கு மேல் அடைக்கச் சொல்கிறார்கள்.

பஞ்சு எரியும் என்பது யாருக்கும் தெரியாததல்ல. எரியும் விதம்தான் பலருக்குத் தெரிவதில்லை. பொதிந்து வைத்த பஞ்சு சடாரெனப் பற்றிக்கொள்வதைவிடச் சுடரின்றி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருப்பதே ஆபத்து. ஒரு பொறி போதும். மணிக்கணக்கில் புகைந்து, காற்று கிடைக்கிற இடத்தில் வெளியே வந்து சுடராகும். பஞ்சுக் கிடங்குத் தீயை அணைத்த பிறகும் மூட்டைகளைப் பிரித்துப் பிரித்து நனைப்பது இதனால்தான். பழைய வேன் ஒன்றின் தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே என்ன ஓடுகிறது? விளக்குக்கும் விசிறிக்கும் போகும் மின்கம்பிகள். அசையும் வண்டியில் தகட்டு விளிம்பில் உராய்ந்து உறை கிழியும் கம்பிகள். பொறிக்குப் பஞ்சமில்லாத இடத்தில் பஞ்சை வைக்கச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் விற்கும் ஜீன்ஸ் நார்க் காப்புக்கு போரான் உப்புகளை ஏற்றித் தீயை எதிர்க்கும்படி செய்திருக்கிறார்கள்; சோதனைச் சாலையில் எரித்துப் பார்த்துத்தான் விற்கிறார்கள். இதையும் இங்கே செய்யலாமே, போராக்ஸ் கரைசலில் முக்கிக் காயவைத்தால் ஆயிற்று என்று ஒரு நண்பர் வாதிட்டார். செய்யலாம். மூட்டையின் நடுவிலிருக்கும் துண்டுக்கும் உப்பு சமமாக ஏறியது என்பதற்கு யார் உறுதி? நனைந்தால் அது கரைந்து இறங்காது என்பதற்கு யார் பொறுப்பு? வாகனங்களின் உட்புறப் பொருள்கள் எவ்வளவு வேகத்தில் எரியலாம் என்பதற்கு இந்தியாவில் ஐ.எஸ். 15061 என்று ஒரு தர அளவையே இருக்கிறது. சோதித்துச் சான்று பெற்ற பனியன் பாய் சந்தைக்கு வரட்டும். முதல் ஆளாக நாங்கள் வாங்குகிறோம். அதுவரை எங்கள் விடை இல்லை என்பதே.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்கலாம். கும்பகோணத்தை நினைத்துக்கொண்டு எழுதுகிறோம். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். கீற்றைப் போலக் குளிர்ச்சியான கூரை நம் நாட்டில் வேறில்லை. உள்ளூர்ப் பொருள், மலிவு, இயற்கை, மரபு எல்லாமே அதற்கும் பொருந்தும். அதன் பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. அண்மைக்கு வந்தால், 2025 அக்டோபரில் ஜெய்சால்மரிலும் கர்னூலிலும் பத்து நாள் இடைவெளியில் இரண்டு பேருந்துகள் எரிந்தன. இரண்டிலும் சேர்த்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். தீ எங்கே தொடங்கினாலும், உள்ளே இருக்கும் மெத்தையும் திரையும் பலகையும் அடைப்புமே அது பரவும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. குளிர்ச்சி, விலை, மரபு ஆகியவற்றைப் பற்றிப் பேசும் முன், எரியுமா என்று கேட்க வேண்டும். அந்த வரிசையை மாற்ற நாங்கள் ஒப்பவில்லை.

இனி மரபு. எங்களை மடக்குவதற்காக ஒரு நண்பர் சங்க இலக்கியத்திலிருந்தே சான்று கொண்டுவந்தார். பெரும்பாணாற்றுப்படையில் வருகிற உமணரின் உப்பு வண்டிக்குப் புல் வேய்ந்த கூரை உண்டு, கோழிக்கூடு உண்டு, குடும்பமே அதனோடு போகிறது. தமிழின் முதல் கேரவன் அதுதானே, அதற்குக் கூரை புல்தானே என்றார். (கேரவன் என்றால் நடிகர்கள் இளைப்பாறும் வண்டி என்று இன்று ஆகிவிட்டது. வணிகக் கூட்டத்துக்கு நம்மிடம் சாத்து என்ற சொல் இருந்தது. கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரிலேயே அது இருக்கிறது.) சான்று சரியானதே. ஆனால் உமணரின் வண்டியில் டீசல் தொட்டி இல்லை, பேட்டரி இல்லை, மின்கம்பி இல்லை. முன்னும் பின்னும் திறந்திருந்தது, தீப்பிடித்தால் குதித்துவிடலாம். நண்பர் அந்த வண்டியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்காமல், புல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

கற்க வேண்டியது அந்த வண்டியின் அமைப்பு. மேலே நிழல், இருபுறமும் வாய், நடுவே காற்று. எங்கள் பாட்டன்மார் சந்தைக்குப் போன கூண்டு வண்டியும் அப்படித்தான். மூங்கில் பாய் வளைவு வெயிலைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ். ஆர். ரங்கநாதன் தொடங்கிவைத்த, கனகசபைப் பிள்ளையின் நடமாடும் நூலகமும் மாட்டுவண்டிதான். சி. சு. செல்லப்பா புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய்ப் போனதற்கும் முந்திய கதை அது. நமக்கு வாய்த்ததோ நாலு பக்கமும் இரும்புத் தகட்டால் அடைத்த பெட்டி. அடைத்த பெட்டிக்குள் மேலும் அடைப்பதுதான் வெப்பக் காப்பு என்று நம்புவது எங்கிருந்து வந்தது?

குளிர் நாடுகளிலிருந்து வந்தது. பழைய கேரவனைச் செப்பனிடுவது பற்றி ஆங்கிலத்தில் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. அவர்கள் உள்ளே அடுப்பு மூட்டிச் சூட்டைக் காக்கிறார்கள். உள்ளிருக்கும் ஈரம் குளிர்ந்த தகட்டை நோக்கிப் போகும். அதைத் தடுக்க உட்புறமாக நீராவித் தடுப்புத் தாளை ஒட்டச் சொல்கிறார்கள். அங்கே அது சரி. இங்கே குளிர்சாதனம் ஓடும் வண்டியில் வெப்பமும் ஈரமும் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கின்றன. உள்பலகைக்குப் பின்னால் அந்தத் தாளை ஒட்டினால், உள்ளே புகுந்த ஈரத்தை நாமே சிறைப்பிடித்து வைத்தவர்கள் ஆவோம். மூலமொழியின் வாக்கிய அமைப்பை அப்படியே தூக்கிவரும் மொழிபெயர்ப்பைக் கண்டால் காய்ச்சி எடுக்கிற நம் நண்பர்கள், இந்த மொழிபெயர்ப்பை மட்டும் வாய் திறவாமல் ஏற்றுக்கொள்வது எங்களுக்கு விளங்கவில்லை.

கொமரலிங்கத்தின் வெயிலைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். எங்கள் மேட்டடாரின் கூரை 6 சதுர மீட்டர். ஆக 6000 வாட் மேலே விழுகிறது. ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி வெளியேற்றக்கூடிய வெப்பத்தைவிட அதிகம். நல்லவேளையாக இதில் பெரும்பகுதி காற்றிலேயே போய்விடுகிறது. மிச்சம் தகட்டின் வழியாக உள்ளே இறங்குகிறது. கருநீலம் பூசிய கூரை 65 டிகிரியைத் தொடலாம். வெள்ளை பூசிய கூரை 45ஐச் சுற்றியே நிற்கும். உள்ளே 35 என்று வைத்துக்கொள்வோம். கருநீலக் கூரையின் கீழ் 25 மில்லிமீட்டர் தடிமனில் நல்ல காப்பு வைத்தால் ஏறத்தாழ 250 வாட் இறங்கும். தடிமனை இரட்டித்து 50 ஆக்கினால் 125. தடிமனைத் தொடாமல் கூரைக்கு வெள்ளை மட்டும் அடித்தால் 85! இரட்டிப்புச் செலவில் பெறாததை இரண்டு டப்பா பெயிண்ட் பெற்றுத்தருகிறது. நம் மாடிகளில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. போட வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களே தாமதமாகத்தான் உணர்ந்தோம். சும்மா உட்கார்ந்து படிக்கிற ஒரு பிள்ளையின் உடலிலிருந்து 70, 80 வாட் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு பிள்ளைகள் ஏறினால் 900 வாட். கருநீலக் கூரையிலிருந்து இறங்குவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். காற்றுப் போக வழியில்லாமல் எவ்வளவு தடித்த காப்பை வைத்தாலும், அந்தக் காப்பு பிள்ளைகளின் சூட்டைப் பத்திரமாக உள்ளேயே வைத்துக் காக்கும். எனவே கூரையில் ஒரு வெளியேற்று விசிறி, கீழே காற்று நுழைய இரண்டு வாய், கூரைக்கு மேல் கையகலம் தள்ளி இன்னொரு வெள்ளைத் தகடு. இவை முடிந்த பிறகே காப்புப் பொருளைப் பற்றிய பேச்சு. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, எங்கள் வண்டிக்குள்ளும் கொஞ்சம் நுழையட்டும்.

அதற்கு ஏ.சி. போட்டுவிடலாமே என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள்; ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. நன்றாக அடைத்த வண்டியில் ஜெனரேட்டர் வைத்து உறங்குவதற்கு நாங்கள் தயாரில்லை.

மற்றப் பொருள்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தெர்மோகோல் எடையற்றது, மலிவானது. ஆனால் எரிந்து உருகிச் சொட்டும். போதாக்குறைக்கு, பலகை ஒட்டுகிற ரப்பர் பசையைத் தடவினால் தெர்மோகோல் கண்முன்னே கரைந்து குழியாகும். எங்கள் உறுப்பினர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதில் தொலைத்தார். கண்ணாடி நார்ப் பஞ்சு எரியாது. ஆனால் குலுங்கும் வண்டியின் பக்கச் சுவரில் நாளடைவில் கீழே இறங்கி, மேலே வெற்றிடம் விடும். நனைந்தால் பயனில்லை. பீய்ச்சி அடிக்கும் பஃப் நுரை காப்பில் எல்லாவற்றையும் வெல்லும். அதன் குற்றம் வேறு வகையானது: ஒருமுறை தகட்டில் ஒட்டிவிட்டால் பிரிக்க முடியாது. நாற்பது வயது வண்டியின் தகடு நாளை எங்கேனும் துருப்பிடித்துத்தான் தீரும். அன்று டிங்கர் வேலைக்காரர் வெல்டிங் வைக்க வேண்டிய இடத்தில் எரிந்து நச்சுப்புகை விடும் நுரை இருக்கும். பழைய பொருளைச் செப்பனிடுகிறவன், பின்னால் வருகிறவன் தன் வேலையைப் பிரித்துச் சரிசெய்ய வழிவிட வேண்டும். ஓலைச்சுவடிக்கும் இது பொருந்தும், மேட்டடாருக்கும் பொருந்தும்.

குமிழி வைத்த வெள்ளித் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றம் அதில்தான் அதிகம். பத்து டிகிரி குறையும் என்று சொல்லி ஒரு கடைக்காரர் எங்களிடம் ஒரு சுருளை விற்றார். அதைத் தகட்டோடு ஒட்டி, மேலே உள்பலகையை இறுக்கி அடிப்பதே வழக்கம் என்றார். அலுமினியத்தின் பளபளப்பு வெப்பக் கதிரைத் திருப்புவது உண்மை. ஆனால் அதன் முன்னால் காற்றிடைவெளி இருந்தால் மட்டுமே. இரண்டு பக்கமும் பொருளோடு ஒட்டி நசுங்கிய அலுமினியம், வெப்பத்தை நன்றாகக் கடத்துகிற உலோகம் மட்டும்தான். அந்தத் தாளையே ஓர் அங்குல இடைவெளி பார்த்தபடி கட்டினால், கூரையிலிருந்து கீழே இறங்கும் வெப்பத்துக்கு அந்த இடைவெளி வெற்று இடைவெளியைப் போல இரண்டு மூன்று மடங்கு தடையாகும். பொருளில் பொய் இல்லை. வைக்கும் விதத்தில் இருக்கிறது. சுருளை நாங்கள் திருப்பித் தரவில்லை. மேல்தகட்டின் அடிப்பக்கத்தில், காற்று ஓடும் இடைவெளியைப் பார்த்தபடி கட்டப் போகிறோம்.

எங்கள் தேர்வு என்ன என்று கேட்பீர்கள். அமராவதி ஆற்றோடு கீழே போனால் வருகிற கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. அங்கே ஒரு பட்டறையில் அரைநாள் நின்று பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இலக்கியக் கூட்டத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தும் இவ்வளவு தெரிந்துகொண்டதில்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். கூரையின் உட்புறத்துக்கு 25 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் நுரைப் பாய். குளிர்சாதனக் குழாய்களுக்குச் சுற்றுகிறார்களே, அந்தக் கறுப்புப் பாய். மூடிய கண்ணறைகள் கொண்டதால் தண்ணீர் குடிக்காது. வளைவுக்கு வளையும். கத்தியால் கீறிச் சுரண்டினால் பிரித்தெடுக்கலாம். தீ எதிர்ப்புத் தரச் சான்றுள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். சான்றில்லாததும் அதே கறுப்பாகத்தான் இருக்கும். தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் மேலும் அதைப் போர்த்த வேண்டும், ஏனெனில் இரும்புச் சட்டம் வெப்பம் இறங்கும் ஏணி. தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டுவதற்கு இன்னொரு காரணம் மார்கழி விடியற்காலை: திறந்த வானத்தின் கீழ் கூரை குளிர்ந்து, உள்ளே உறங்குகிறவரின் மூச்சு தகட்டின் அடியில் நீராகி, புத்தக அடுக்கின்மேல் சொட்டும். காற்றுப் புகாமல் ஒட்டிய பாய் அதைத் தடுக்கும். பழுப்பேறிய சிற்றிதழ்த் தாளுக்கு வெயிலைவிட அந்தச் சொட்டு மோசமான எதிரி.

பக்கச் சுவர்களின் ஆழமான அறைகளில் மட்டும் கற்கம்பளிப் பலகை. அது எரியாது, அழுத்தமாக இருப்பதால் கண்ணாடி நாரைப் போல் எளிதில் இறங்காது. நீர் ஒட்டாத வகையாகப் பார்த்து, நார் பறக்காதபடி உறையிட்டு, அடியில் நீர் வடிய ஓட்டை விட்டு வைக்க வேண்டும். தரைக்குப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. தென்னை நாரை ஏன் பயன்படுத்தவில்லை, பொள்ளாச்சியும் உடுமலையும் நாராலேயே வாழ்கின்றனவே என்று இன்னொரு கேள்வி வரும். பனியனுக்குச் சொன்ன விடைதான் நாருக்கும். உட்காரும் இருக்கைக்கு உள்ளூர் நார் மெத்தை வைக்கிறோம். அதற்கும் தீ எதிர்ப்பு உறை.

பனியன் துணிக்கு இந்த வண்டியில் இடமே இல்லையா என்று வருத்தப்படுபவர்களுக்கு: இருக்கிறது. சன்னல் திரைகள் கழற்றித் துவைக்கும்படியான பனியன் துணியில் தைக்கப்படுகின்றன. திரை எரியக்கூடியது என்பதால் மின்கம்பியிலிருந்து தள்ளி, கையால் இழுத்தால் உருவிவரும் கம்பியில் தொங்கும். சுவருக்குள் மறைத்ததை யாரும் பார்க்க முடியாது, சரிபார்க்கவும் முடியாது. திரை கண்ணுக்குத் தெரியும். எலி கடித்தால் தெரியும், இராமபாணப் பூச்சி வந்தால் தெரியும்.

இதில் எதுவும் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் தங்கள் பொருளோடு வரலாம். கை அகலத் துண்டு ஒன்றையும் தீப்பெட்டியையும் கொண்டுவந்து தோப்பில் வைத்துக் கொளுத்திக் காட்டினால் போதும், நீண்ட கடிதம் வேண்டாம். இப்போதைக்கு வண்டியின் மழைநீர் வடிகாலோரம் துருத் தின்ற மூன்றடி நீளத்தை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைக்கும் வேலை நடக்கிறது. அது முடிந்து, குழாயால் நீரடித்துக் கூரை ஒழுகவில்லை என்று உறுதியான பிறகே கறுப்புப் பாயை விரிப்போம். புத்தகம் தருவதாகச் சொன்னவர்கள் அதற்குள் தந்துவிட்டால் நல்லது.